ஊக்கம் இருக்கும் இடம்

மதுரை செல்லூரில் தறி ஓடும் வீடுகளில் ஊக்கம் என்ற சொல்லுக்கு அவ்வளவாக வேலையில்லை. அங்கே உருப்படிக் கூலி. நெய்து கொடுத்த துணிக்குப் பணம் உண்டு. நெய்யாத நாளுக்கு இல்லை. துணியை வாங்குகிறவர் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தால் இழை அறுந்த இடமும் கரை கோணிய இடமும் தெரிந்துவிடும். எவ்வளவு வேலை நடந்தது, அதன் தரம் என்ன, செய்தவர் யார் என்று கேட்டால் துணியே பதில் சொல்லிவிடுகிறது. கூலியை நிர்ணயிக்கும் பேரத்தில் நெசவாளி பெரும்பாலும் தோற்கிற கட்சி என்பது உண்மைதான். அது தனியாகப் பேச வேண்டிய அநீதி. ஆனால் வேலையையும் பணத்தையும் இணைக்கும் முறை என்ற அளவில் உருப்படிக் கூலி தலைமுறைகளைத் தாண்டி நிற்பதற்குக் காரணம் இதுதான்: செய்த வேலை துணியில் அப்படியே தங்கிவிடுகிறது. இனி அதே ஊரின் ஒரு தொடக்கப்பள்ளிக்குள் நுழைவோம். ஒன்றாம் வகுப்பு ஆசிரியை ஓராண்டு முழுக்க 30 பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறார். அவர் வேலையை எந்த வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பது? பத்தாம் வகுப்பில் அந்தப் பிள்ளை எடுக்கும் மதிப்பெண்ணில் இவருடைய பங்கு எவ்வளவு, வீட்டின் பங்கு எவ்வளவு, இடையில் வந்த ஒன்பது ஆசிரியர்களின் பங்கு எவ்வளவு? பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. ஆனாலும் பள்ளிகளைத் திருத்துவது பற்றிய நம் பேச்சு பெரும்பாலும் உருப்படிக் கூலியின் தர்க்கத்திலேயே சுற்றுகிறது. நன்றாகச் செய்பவருக்குப் பரிசு கொடு, செய்யாதவரைத் தண்டி. இரண்டும் பலிக்காதபோது மேடை போட்டு அர்ப்பணிப்பைப் பற்றிப் பேசு.

பரிசும் தண்டனையும் வெறும் வீண் என்று சொல்வது நேர்மையாகாது. ஆந்திரத்தின் ஊரகப் பள்ளிகளில் 2005 முதல் பொருளாதார ஆய்வாளர்கள் கார்த்திக் முரளீதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் நடத்திய சோதனை இதற்கு முக்கியமான சான்று. குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த பள்ளிகளில், மாணவர்களின் தேர்வு முன்னேற்றத்தை வைத்து ஆசிரியர்களுக்கு ஊக்கத்தொகை தரப்பட்டது. சராசரியாக அது ஆண்டுச் சம்பளத்தில் 3 சதவீதம் அளவே. இரண்டாண்டு முடிவில் அந்தப் பள்ளிப் பிள்ளைகள் கணக்கிலும் மொழியிலும் மற்றப் பள்ளிப் பிள்ளைகளைவிடத் தெளிவாக முன்னே இருந்தார்கள். பணம் வேலை செய்தது. ஆனால் அந்த ஆய்வின் இன்னொரு முடிவு அவ்வளவாக எடுத்துச் சொல்லப்படுவதில்லை. ஊக்கத்தொகை தந்த பள்ளிகளில் ஆசிரியர்கள் பள்ளிக்கு வராமல் இருப்பது குறையவில்லை. வந்த நாட்களில் கூடுதலாகப் பயிற்சி கொடுத்தார்கள், வீட்டுப்பாடம் கொடுத்தார்கள், மாதிரித் தேர்வு வைத்தார்கள். அதாவது அளவிடப்பட்ட இடத்தில் உழைப்பு கூடியது. அளவிடப்படாத இடம் இருந்தபடியே இருந்தது. உருப்படிக் கூலியின் இயல்பே இதுதான். மொழியும் கணக்கும் நாலு பேருக்கு உதவும் பண்பும் ஒரே வகுப்பறையில் கற்பிக்கப்படும்போது, பணம் எதை எண்ணுகிறதோ அதன் பக்கம் தராசு சாய்ந்துவிடும்.

அச்சத்தின் கணக்கைத் தமிழ்நாடு 2003இல் போட்டுப் பார்த்தது. அந்த ஜூலையில் வேலைநிறுத்தத்தில் இறங்கிய அரசு ஊழியர்களிலும் ஆசிரியர்களிலும் ஏறத்தாழ 1,70,000 பேரை அரசு ஒரே வீச்சில் பணிநீக்கம் செய்தது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்தம் செய்யும் உரிமை கிடையாது என்று தீர்ப்பளித்தது. பெரும்பாலானோர் பிறகு மீண்டும் பணிக்கு எடுக்கப்பட்டார்கள். போராட்டத்தை முறிப்பதில் அச்சம் வென்றது என்று ஒப்புக்கொள்ளலாம். அதனால் ஒரு வகுப்பறையில் பாடம் மேம்பட்டது என்று அந்த நடவடிக்கையை ஆதரித்தவர்கள்கூடச் சொன்னதில்லை. அதே 2003இல் நாடு முழுவதும் அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கு முன்னறிவிப்பின்றிச் சென்று பார்த்த ஓர் ஆய்வு, நாலில் ஓர் ஆசிரியர் பள்ளியில் இல்லை என்றது. பத்திரிகைகளில் தலைப்பானது அந்த எண்தான். ஆனால் பாதி ஆசிரியர்களே அந்த நேரத்தில் உண்மையில் கற்பித்துக்கொண்டிருந்தார்கள் என்ற அடுத்த எண் அதைவிடக் கனமானது. வராதவர் நாலில் ஒருவர் என்றால், வந்தும் கற்பிக்காமல் இருந்தவரும் அதே அளவு. முதல் கூட்டத்தை வருகைப் பதிவால் பிடித்துவிடலாம். இரண்டாம் கூட்டத்தை எந்தக் கருவியால் பிடிப்பது? அவர்களில் சோம்பேறிகள் இருப்பார்கள். பதிவேடு எழுதிக்கொண்டிருந்தவர்களும் இருப்பார்கள். என்ன செய்தாலும் இந்தப் பிள்ளைகளுக்கு ஏறவில்லை என்று கைவிட்டவர்களும் இருப்பார்கள். ஆணையும் தண்டனையும் இவர்கள் எல்லோரையும் ஒரே ஆளாகத்தான் பார்க்கும்.

என் வாதம் இதுதான். ஊக்கத்தை ஆளுக்குள் ஊற்றவேண்டிய பொருளாக நினைப்பதில்தான் பிழை தொடங்குகிறது. பெரும்பாலான மனிதர்கள் ஒரு வேலையில் சேரும்போது அதை நன்றாகச் செய்யும் விருப்பத்தோடுதான் சேர்கிறார்கள். அந்த விருப்பம் நிற்பதும் வற்றுவதும் வேலை எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒரு நிறுவனத்தின் பண்பாடு என்று நாம் சொல்வது, அந்த அடுக்கு நாள்தோறும் விட்டுச்செல்லும் வண்டல். தலைமை என்பது அந்த அடுக்கை அமைத்துப் பார்த்துத் திருத்திக்கொண்டே இருக்கும் வேலை. இதற்கு உலகின் மிகச் சிறந்த சான்றுகளில் ஒன்று செல்லூரிலிருந்து சில கிலோமீட்டரில், வைகையின் அதே வடகரையில், அண்ணா நகரில் நிற்கிறது.

அரவிந்த் கண் மருத்துவமனையின் கதை தெரிந்த கதைதான். கோ. வெங்கடசாமி 1918இல் எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்தில் பிறந்தவர். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிலும் படித்தார். முடக்குவாதம் அவர் விரல்களைக் கோணலாக்கியது. அந்த விரல்களுக்கேற்பக் கருவி பிடிக்கப் பழகி, வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். மதுரை அரசு மருத்துவமனையிலும் மருத்துவக் கல்லூரியிலும் கண் துறைத் தலைவராக இருந்து ஓய்வுபெற்று, 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்தைத் தொடங்கினார். இன்று அந்த அமைப்பின் மருத்துவமனைகள் ஆண்டுக்குச் செய்யும் அறுவைகளும் லேசர் சிகிச்சைகளும் ஐந்து லட்சத்தைத் தாண்டுகின்றன. நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குச் சிகிச்சை இலவசம் அல்லது மிகக் குறைந்த கட்டணம். 1993இலேயே ஹார்வர்டு வணிகப் பள்ளி இதைப் பாடமாக்கியது. இதை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் நிறுவனரின் ஆன்மிகத்தை எழுதுகிறார்கள். அல்லது மெக்டொனால்ட்ஸ் உணவகத்தின் சீர்மையை அவர் வியந்ததை எழுதுகிறார்கள். முதலாவது படிப்பவரைக் கைகூப்ப வைக்கிறது, இரண்டாவது புன்னகைக்க வைக்கிறது. இரண்டுமே அறுவைக்கூடத்துக்குள் போவதில்லை.

அறுவைக்கூடத்தில் ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள். ஒரு மேசையில் அறுவை நடக்கும்போதே அடுத்த நோயாளி பக்கத்து மேசையில் ஆயத்தமாகப் படுத்திருப்பார். முதல் கண் முடிந்ததும் மருத்துவர் நுண்ணோக்கியைத் திருப்பிக்கொண்டு அடுத்த கண்ணுக்குப் போகிறார். கண்ணின் அளவெடுப்பு, மரப்பு மருந்துக்கு முன்னும் பின்னுமான கவனிப்பு, கருவிகளைத் தூய்மைப்படுத்தி எடுத்துத் தருவது, கட்டுப் போடுவது, நோயாளிக்கு விளக்கிச் சொல்வது எல்லாம் இரண்டாண்டுப் பயிற்சி பெற்ற பெண் உதவியாளர்களின் பொறுப்பு. இவர்களில் பெரும்பாலோர் பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்கள். நிறுவனத்தின் ஊழியர்களில் பெரும்பகுதி இவர்களே. இப்படி அடுக்கியதால் அரவிந்த் மருத்துவர் ஒருவர் ஆண்டுக்குச் செய்யும் அறுவைகள் நாட்டுச் சராசரியைப் போலப் பல மடங்கு. இங்கே நின்று கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. அரவிந்தின் மருத்துவர்களுக்கு அறுவைக்கு இத்தனை ரூபாய் என்ற கணக்குக் கிடையாது. மாதச் சம்பளம் மட்டுமே, அதுவும் தனியார் சந்தையில் கிடைப்பதைவிடக் குறைவு. உருப்படிக் கூலி இல்லாமலே, உருப்படிக் கூலி தரக்கூடியதைவிடப் பெரிய விளைச்சல். பொருளாதாரப் பாடநூலின் எளிய அத்தியாயம் இதை விளக்கத் திணறும்.

விளக்கம் அடுக்கில் இருக்கிறது. கண் மருத்துவர் பல ஆண்டு படித்தது கண்ணை அறுத்துச் சரிசெய்ய. மற்ற மருத்துவமனைகளில் அவருடைய நாளின் பெரும்பகுதி காத்திருப்பதிலும், படிவத்திலும், அடுத்த நோயாளி வந்து சேர்வதிலும் போகிறது. இங்கே அவர் கற்ற வேலை மட்டுமே அவரிடம் வருகிறது. இரண்டாவது, விளைவு தெரிகிறது. மறுநாள் கட்டைப் பிரிக்கும்போது நோயாளிக்குப் பார்வை வந்ததா இல்லையா என்பது மருத்துவருக்கும் உதவியாளருக்கும் கண்முன் தெரிகிறது. அறுவைக்குப் பிந்தைய சிக்கல்கள் மருத்துவர்வாரியாகக் குறித்துவைக்கப்பட்டுச் சக மருத்துவர்களோடு பேசப்படுகின்றன. மூன்றாவது, தனிமை இல்லை. இளம் மருத்துவரின் கை நடுங்கினால் பக்கத்து மேசையில் மூத்தவர் இருக்கிறார். இலவசப் பிரிவிலும் கட்டணப் பிரிவிலும் அதே மருத்துவர்கள் மாறிமாறிப் பணியாற்றுவதால், ஏழைக்கு ஒரு தரம் காசுள்ளவருக்கு ஒரு தரம் என்ற பழக்கத்துக்குக் கால் ஊன்ற இடம் கிடைப்பதில்லை. சமத்துவம் பற்றி யாரும் அங்கே தனியாக வகுப்பெடுக்க வேண்டியதில்லை. பணிப் பட்டியலே அதைச் செய்துவிடுகிறது.

தலைமையின் இயல்பு வெற்றியைவிடத் தோல்வியில்தான் நன்றாகத் தெரியும். முகாம் நடத்திக் கிராமத்துக்கே போய் இலவசமாகக் கண் பார்த்தால் மக்கள் வந்துவிடுவார்கள் என்றுதான் அரவிந்தும் நம்பியது. அந்த நம்பிக்கையைச் சோதிக்க அதன் ஆய்வாளர்களே வெளிநாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து கிராமங்களில் கணக்கெடுத்தார்கள். 1999இல் வெளியான முடிவு முகத்தில் அறைந்தது. கண்ணில் கடுமையான கோளாறு உள்ளவர்களில் 100க்கு 7 பேரளவே முகாமுக்கு வந்திருந்தார்கள். மக்களுக்கு விழிப்புணர்வு போதவில்லை என்று எழுதிவிட்டு அடுத்த முகாமுக்குப் போவது எளிது. எத்தனையோ துறைகள் அதைத்தான் செய்கின்றன. களப்பணியாளர்கள் இன்னும் உழைக்கவேண்டும் என்று சுற்றறிக்கை விடுவதும் எளிது. அரவிந்த் தன் அடுக்கைச் சந்தேகித்தது. 2004 முதல் சிற்றூர்களில் நிலையான பார்வை மையங்களைத் திறந்தது. பயிற்சி பெற்ற உதவியாளர் அங்கே நாள்தோறும் இருப்பார். மருத்துவர் இணைய இணைப்பில் நோயாளியைப் பார்ப்பார். எண் கசப்பாக இருந்தபோதும் அதைத் தானே வெளியிட்ட நிறுவனத்தில், கீழே இருக்கும் ஊழியரும் தவற்றை மறைக்கத் தேவையில்லை என்று கற்றுக்கொள்கிறார். பண்பாடு உருவாகும் வழி இது.

இதற்கு எதிராக எழும் முதல் தடை வலுவானது. வெங்கடசாமி போன்ற மனிதர் நூற்றாண்டுக்கு ஒருவர்; அவர் இல்லாத இடத்தில் இந்த அடுக்கு மட்டும் என்ன செய்யும் என்பது அது. அவர் 2006இல் இறந்தார். தேனி (1985), திருநெல்வேலி (1988), கோயம்புத்தூர் (1997), புதுச்சேரி (2003) மருத்துவமனைகள் அவர் காலத்தவை. சென்னை மருத்துவமனை 2017இல், அவர் மறைந்து பதினோரு ஆண்டுக்குப் பிறகு திறந்தது. அறுவைகளின் எண்ணிக்கை அவருக்குப் பின் கூடியதே தவிரக் குறையவில்லை. 1992இல் தொடங்கிய அரவிந்தின் பயிற்சி நிறுவனம் உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் நூற்றுக்கணக்கான கண் மருத்துவமனைகளுக்கு இந்த முறையைக் கற்றுத்தந்திருக்கிறது. அங்கெல்லாம் வெங்கடசாமி இல்லை. ஆனால் தடையின் ஒரு பாதியை நான் மறுக்கமாட்டேன். நிறுவனத்தின் உச்சப் பொறுப்புகள் பெருமளவு அவருடைய உடன்பிறந்தோர், மருமக்கள், அடுத்த தலைமுறை என்று குடும்பத்துக்குள்ளேயே இருந்துவருகின்றன. தொடக்க ஆண்டுகளில் தங்கை நாச்சியாரும் அவர் கணவர் நம்பெருமாள்சாமியும் அரசு வேலையை விட்டு வந்து குறைந்த ஊதியத்தில் உழைத்திருக்காவிட்டால் அந்த 11 படுக்கை நீண்டிருக்குமா என்பது சந்தேகமே. குடும்பம் தரும் தொடர்ச்சியை அரசுத் துறை பெற முடியாது. அதற்கு ஈடாக அது தரக்கூடியது ஒன்றுண்டு: ஒரு பொறுப்பில் ஒருவரைப் போதிய ஆண்டுகள் விட்டுவைப்பது. அதைக்கூடத் தருவதில்லை என்பதுதான் நம் குறை.

இரண்டாம் தடை இன்னும் ஆழமானது. கண்புரையைச் சரிசெய்தால் மறுநாளே தெரியும். கல்வியில் அந்த மறுநாள் எங்கே? துணியைப் பற்றி நானே சொன்னது அறுவைக்கும் பொருந்தும் அல்லவா? பொருந்தும். ஆனால் ஒரு வித்தியாசம். அரவிந்தில் தெரிகிற விளைவு கூலிக்கான கணக்காக மாறவில்லை. வேலை செய்பவருக்கான செய்தியாக நின்றது. அந்தச் செய்தியின் ஆற்றலைக் காட்டும் சோதனை ஒன்று உண்டு. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் முன்னாள் மாணவர்களைத் தொலைபேசியில் அழைத்து நன்கொடை கேட்கும் அலுப்பான வேலையைச் செய்தவர்களை, அந்த நன்கொடையால் உதவித்தொகை பெற்ற ஒரு மாணவரோடு சில நிமிடம் பேசவைத்தார் ஆய்வாளர் ஆடம் கிராண்ட். 2007இல் வெளியான முடிவின்படி, ஒரு மாதம் கழித்தும் அவர்கள் திரட்டிய தொகை முன்பிருந்ததைவிட இரண்டு மடங்குக்கு மேல். சம்பளம் அதே, மேலாளர் அதே. சிறிய சோதனைதான்; அதன் மேல் கோபுரம் கட்டக் கூடாது. ஆனால் ஆசிரியர்களைப் பற்றிச் சமூகவியலாளர் டான் லோர்ட்டி 1975இலேயே எழுதியதோடு அது ஒத்துப்போகிறது. ஆசிரியரை வேலையில் நிறுத்துவது, ஒரு பிள்ளைக்குப் புரிந்துவிட்டது என்று தெரியும் கணம். அந்தக் கணம் எப்போது வரும் என்ற நிச்சயமின்மையே அவரை அரிக்கிறது என்றார் அவர். அப்படியானால் பள்ளியில் செய்யவேண்டியது, அந்தக் கணத்தை அடிக்கடி வரவைப்பது.

தமிழ்நாட்டில் இதை முயன்றவர்கள் இருந்தார்கள். 2003இல், மேலே சொன்ன பணிநீக்கம் நடந்த அதே ஆண்டில், சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் சில ஆசிரியர்களை ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளிக்கு அனுப்பினார். திரும்பிவந்தவர்கள் தாங்களே பாட அட்டைகளை எழுதினார்கள். பாடம் சிறுசிறு படிகளாக உடைந்து சுவரில் ஏணியாக ஏறியது. பிள்ளை தான் எந்தப் படியில் இருக்கிறோம் என்று பார்த்துத் தன் அட்டையைத் தானே எடுத்துக்கொண்டது. ஆசிரியர் பாயில் அமர்ந்தார். கரும்பலகை பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்துக்கு இறங்கியது. செயல்வழிக் கற்றல் எனப்பட்ட இந்த முறையின் சிறப்பு என்று பொதுவாகச் சொல்லப்பட்டது குழந்தையின் மகிழ்ச்சி. எனக்குப் படுவது வேறு: ஆசிரியருக்கு ஒவ்வொரு நாளும் ஏதோ ஒரு பிள்ளை ஒரு படி ஏறுவது தெரிந்தது. 13 பள்ளிகளில் தொடங்கியது மாநகராட்சிப் பள்ளிகள் அனைத்துக்கும் பரவி, 2007-08இல் மாநிலமெங்கும் 37,000 அளவிலான பள்ளிகளுக்குப் போனது. அங்கேதான் அது சறுக்கியது. ஏசர் என்ற ஊரகக் கல்விக் கணக்கெடுப்புகளில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் வாசிப்பு அதற்குப் பின்வந்த ஆண்டுகளிலும் நாட்டுச் சராசரிக்குக் கீழேயே நின்றது. அட்டைகள் அச்சாகிப் போய்ச் சேர்ந்தன. அட்டையை எழுதிய ஆசிரியரின் உரிமையுணர்வு பெட்டியில் வைத்து அனுப்பக் கூடியதல்ல. முதல் 13 பள்ளிகளுக்கு அது தாங்கள் கண்டுபிடித்த வழி; 37,000 பள்ளிகளுக்கு அது மேலிருந்து வந்த ஆணை. பொருள் ஒன்றே, அடுக்கு வேறு.

அடுக்கை மாற்றாமல் தாளை மட்டும் மாற்றினால் என்ன நடக்கும் என்பதற்கு மத்தியப் பிரதேசம் பாடம். அங்கே ஒவ்வொரு பள்ளியையும் மதிப்பிட்டு, மதிப்பெண் அட்டை கொடுத்து, முன்னேற்றத் திட்டம் எழுதவைக்கும் திட்டம் கொண்டுவரப்பட்டது. மேலாண்மை நூல்கள் பரிந்துரைக்கும் எல்லா அம்சங்களும் அதில் இருந்தன. முரளீதரனும் அபிஜீத் சிங்கும் ஆராய்ந்தபோது, மதிப்பீடுகள் முடிந்திருந்தன, திட்டங்கள் எழுதப்பட்டிருந்தன. கற்பித்தலிலோ பிள்ளைகளின் கற்றலிலோ மாற்றம் எதுவும் இல்லை. ஆனாலும் திட்டம் நாடு முழுக்க விரிந்தது. கோப்பில் வெற்றி பெற்ற திட்டத்தை நிறுத்துவதற்கு யாருக்கும் காரணம் கிடைப்பதில்லை போலும்.

இதற்கு நேர்மாறானது, பெருந்தொற்றுக்குப் பின் 2021 அக்டோபரில் தமிழ்நாடு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி. ஏறத்தாழ 2,00,000 தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், தங்கள் தெருவிலேயே மாலையில் ஒன்றரை மணி நேரம் சிறு குழுவுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பள்ளி மூடலால் ஏற்பட்ட கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் மீண்டது என்றும், அந்த மீட்சியில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு இந்த வகுப்புகளால் என்றும் ஒரு பெரிய ஆய்வு கணித்தது. தன்னார்வலருக்குப் பதிவேட்டுச் சுமை குறைவு. பிள்ளைகள் தெரிந்த பிள்ளைகள். அவர்கள் தேறியது பெற்றோர் வாயால் மறுநாளே காதில் விழும். அரவிந்தின் அறுவைக்கூடத்தில் நடப்பதன் தெருவளவு வடிவம் இது.

ஆனால் அந்தத் தன்னார்வலர் பெற்றது மாதம் 1,000 ரூபாய். இங்கேதான் மூன்றாம் தடையை எடுக்கவேண்டும். மற்ற இரண்டையும்விட இது நம்மைச் சங்கடப்படுத்த வேண்டிய தடை. ஊக்கம், பண்பாடு, சேவை மனப்பான்மை என்ற பேச்செல்லாம் குறைந்த கூலிக்கு அதிக உழைப்பு வாங்கும் சாமர்த்தியம்தானே? அரவிந்தின் இரண்டு மேசைகளுக்கு நடுவே ஓயாமல் நடக்கும் அந்தப் பெண்களுக்கு வேறு வேலைவாய்ப்பு இருந்திருந்தால் அந்த ஊதியத்துக்கு அந்த ஒழுங்கு கிடைத்திருக்குமா? முழுமையாகக் கிடைத்திருக்காது என்றே நினைக்கிறேன். அவர்கள் பெற்ற திறனும் ஊரில் கிடைத்த மதிப்பும் உண்மை. பிளஸ் டூ படித்த கிராமத்துப் பெண்ணுக்குத் தென்மாவட்டங்களில் கதவுகள் குறைவு என்பதும், அந்தக் குறைவு அந்த அமைப்பின் செலவுக் கணக்கில் ஒரு வரவாக நிற்கிறது என்பதும் அதே அளவு உண்மை. அரவிந்திலிருந்து அரசு எடுத்துக்கொள்ளக் கூடாத பகுதி இது. ஆனால் அரசுகள் முந்திக்கொண்டு எடுத்துக்கொள்வது இதைத்தான். 2012இல் ஓவியம், உடற்கல்வி, தையல் போன்ற பாடங்களுக்கு 16,000க்கு மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய்க்கு நியமிக்கப்பட்டார்கள். பத்தாண்டு கடந்தும் அவர்கள் பணி நிரந்தரம் கேட்டுத் தெருவில் உட்கார்ந்தார்கள். சம்பளம் போதாத இடத்தில் ஊக்கத்தைப் பற்றிப் பேசுவது ஏமாற்று. நான் சொல்லும் வாதம் சம்பளப் பிரச்சினை தீர்ந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. தமிழ்நாட்டின் நிரந்தர ஆசிரியர்களுக்கு அது பெருமளவு தீர்ந்திருக்கிறது. அதனால்தான் அவர்கள் வகுப்பறையில் என்ன தடுக்கிறது என்று கேட்கும் தகுதி நமக்கு வருகிறது.

தடுப்பது என்ன? கல்வி உரிமைச் சட்டம் 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் போதும் என்கிறது. தமிழ்நாட்டில் ஈராசிரியர் பள்ளிகள் ஏராளம். இரண்டு பேர், ஐந்து வகுப்புகள். அவர்களில் ஒருவர் தலைமையாசிரியர், எழுத்தர் கிடையாது. பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் ஏற்றவேண்டிய விவரங்கள், காலை உணவு, மதிய உணவு, சீருடை, புத்தகம், காலணி ஆகியவற்றின் கணக்கு, வங்கிக் கணக்கு, ஆதார் திருத்தம், வட்டாரக் கல்வி அலுவலகம் கேட்கும் புள்ளிவிவரம் எல்லாம் அவர் கைப்பேசியில்தான் நடக்கின்றன. இன்னொருவர் வட்டார வள மையத்தில் பயிற்சிக்குப் போன நாளில் ஐந்து வகுப்பும் இவருடையவை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர், தேர்தல் தவிர வேறு கல்வி சாராப் பணிக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்று அதே சட்டத்தின் 27ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் வேலை ஆசிரியரைத் தேடிப் பள்ளிக்குள்ளேயே வந்துவிட்டால் அதைத் தடுக்கச் சட்டத்தில் வரியில்லை. அரவிந்த் செய்ததைத் தலைகீழாகச் செய்திருக்கிறோம். அங்கே நிபுணரின் நேரத்தைக் காக்க ஒரு படையே பயிற்றுவிக்கப்பட்டது. இங்கே நிபுணரே எழுத்தர், காசாளர், பண்டகக் காப்பாளர்.

இந்தத் தலைமையாசிரியருக்குத் தலைமைப் பண்பு பற்றி ஒரு நாள் பயிற்சி வைப்பதால் ஆவது ஒன்றுமில்லை. அவர் சக ஆசிரியரின் வகுப்பில் அரைமணி நேரம் அமர்ந்து கவனிக்கமுடிந்தால் அதுவே தலைமை. இரண்டாம் வகுப்பில் எந்த ஐந்து பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்ட வரவில்லை என்று இருவரும் வாரம் ஒருமுறை உட்கார்ந்து பேசமுடிந்தால் அதுவே பண்பாடு. 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கும் நல்ல எண்ணத்தோடு வந்தது. அதன் மதிப்பீடுகளைச் செயலியில் ஏற்றும் வேலை ஆசிரியர் சங்கங்களின் முதல் புகாராக ஆனது தற்செயல் இல்லை. விளைவு ஆசிரியருக்குத் தெரிவதற்காகப் போட்ட கணக்கு, மேலே இருப்பவருக்குத் தெரிவதற்கான கணக்காக மாறியது. எண் யாருக்காக எடுக்கப்படுகிறது என்பதில்தான் அரவிந்தின் பதிவேட்டுக்கும் நம்முடைய பதிவேட்டுக்கும் வேறுபாடு.

கல்வி உரிமைச் சட்டத்தின்படி ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அதன் உறுப்பினர்களில் நாலில் மூன்று பங்கு பெற்றோர். உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியின் குழுவில் நீங்கள் இருந்தால், அடுத்த கூட்டத்தில் ஆசிரியர்களின் அர்ப்பணிப்பைப் பற்றிக் கேட்காதீர்கள். சென்ற மாதத்தில் அவர்கள் வகுப்புக்கு வெளியே செலவிட்ட மணி நேரம் எவ்வளவு, எந்த வேலைக்கு, யார் ஆணையின் பேரில் என்று கேட்டுத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். அந்தத் தீர்மானத்தை வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பி, பள்ளிக்கு ஓர் எழுத்தர் வேண்டும் என்று கேளுங்கள்.